மூன்று முறை படித்தும் மறக்கிறதே!

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை சமூக அறிவியலை மூன்று முறை படித்து, கோடும் போட்டுவிட்டேன். மாதிரித் தேர்வில் எதுவுமே வரவில்லை, ஐயா.
– வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அந்தக் கோடு போடும் பேனாவைத் தூர வையுங்கள், அம்மா. திரும்பத் திரும்பப் படித்தால் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும். தெரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுதுங்கள். வேலூர்க் கலகம் 1806 ஜூலை 10 என்று எல்லோருக்கும் வந்துவிடும். சிப்பாய்கள் ஏன் கொதித்தார்கள்? புதிய தலைப்பாகையில் என்ன பிரச்சினை? திணறுகிற இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். மறுநாள் ஒரு தடவை, வாரம் கழித்து ஒரு தடவை இதையே செய்யுங்கள். கூட்டமில்லாத மதியத்தில் புடவை மடித்தபடியே மனசுக்குள் கேட்டுக்கொள்ளலாம். முதலாளிக்குத் தெரியவா போகிறது?

அப்புறம், 200 கேள்விகளில் தமிழ் மட்டும் 100. அதை ஒதுக்கிவிட்டு வரலாற்றிலேயே மூழ்காதீர்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வாணைய இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டாம்.