யோம் கிப்பூருக்கு லேப் பூட்டுமா? இஸ்ரேலில் போஸ்ட்டாக், கம்பெனி வேலை: கேள்வி பதில்

வணக்கம். இஸ்ரேலில் 3 ஆண்டு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி), அங்கேயே ஒரு மருந்து கம்பெனியில் 5 ஆண்டு இருந்தேன். இப்போது தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிறேன். நான் யூதர் இல்லை. 8 ஆண்டு கூடவே இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கேள்வி (ஆய்வு மாணவி, திருச்சி): அக்கா, 2026 செப்டம்பரில் வந்து சேரச் சொல்கிறார்கள். நல்ல நேரமா?

அக்டோபர் இரண்டாம் வாரம் கேளுங்கள். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பர் 11 மாலை தொடங்கி 13 இரவு முடிகிறது. பாவ மன்னிப்பு வேண்டி விரதம் இருக்கும் யோம் கிப்பூர் 20 மாலையிலிருந்து 21 இரவு வரை. கூடாரப் பண்டிகையான சுக்கோத் 25 மாலை தொடங்குகிறது. கடைசி நாளான சிம்ஹாத் தோரா அக்டோபர் 3. நடுவில் வேலை நாள்கள் இருந்தாலும் பேங்க் கணக்கு, இன்சூரன்ஸ், வீட்டு ஒப்பந்தம் என்று எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: 'அஹரேய் ஹஹாகிம்'. பண்டிகைகள் முடியட்டும் என்று அர்த்தம்.

இது தெரியாமல் நான் தவித்திருக்கிறேன். ஒரு கம்பெனியில் இரண்டாம் சுற்று நேர்காணல் முடிந்த மறுநாள் மாலை ரோஷ் ஹஷானா. மூன்று வாரம் ஒரு மெயில் கூட இல்லை. வேலை இல்லை என்றே முடிவு கட்டி, ஊருக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சுக்கோத் முடிந்த மறுநாள் காலை 9 மணிக்கு ஃபோன் வந்தது. எப்போது சேரலாம் என்று கேட்டார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. காலண்டரில் 21 என்று இருந்தால் 20 மதியமே பஸ், ரயில், கடை எல்லாம் நின்றுவிடும். யோம் கிப்பூருக்கு பென் குரியன் விமான நிலையத்தையே மூடுகிறார்கள்.

கேள்வி (கோவை): நாமும் அன்று பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் அது, யூதர்களுக்கு மட்டும்தான். அவர்களிலும் உடம்புக்கு ஆகாதவர்கள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். நீங்கள் முதல் நாளே காய், பால் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் சாப்பிடுங்கள். தெருவில் நின்று சாப்பிட வேண்டாம்.

கேள்வி (போஸ்ட்டாக், பீர்ஷெவா): எங்கள் புரொஃபசருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. யோம் கிப்பூருக்கும் வந்து வேலை செய்யலாம் என்கிறார். பக்கத்து மேசைப் பெண்ணுக்கு மதப்பற்று அதிகம். நான் போனால் வருத்தப்படுவாரா?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேலை செய்யக் கூடாது என்ற தடை யூதர்களுக்குத்தான். நீங்கள் உங்களுக்காகச் செய்வதில் தவறில்லை. ஆனால் ஒரு யூதர், யூதரல்லாதவரிடம் 'எனக்காக இதைச் செய்' என்று அன்று சொல்வதையும் யூத மதகுருக்களான ராபிகள் தடுத்திருக்கிறார்கள். அதனால் மதப்பற்றுள்ள புரொஃபசர் ஜாடையாகக்கூடக் கேட்கமாட்டார். சூரியன் மறையும் முன்பே டைமர் வைத்துவிட்டுப் போவதற்குத் தடை இல்லை.

என் புரொஃபசர் அப்படி மதப்பற்றுள்ளவர். யோம் கிப்பூர் தொடங்கும் நாள் மதியம் 2 மணிக்கு, மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் என்.எம்.ஆர். கருவியின் காந்தம் குளிர்ச்சியாக இருக்க அவரே திரவ நைட்ரஜன் ஊற்றினார். குழாயில் வெண்பனி படிந்து, புகை தரையில் இறங்கி அவர் காலைச் சுற்றிப் பரவியது. ஊற்றி முடித்ததும் தோல் ஷூவைக் கழற்றிவிட்டுத் துணி ஷூ மாட்டிக்கொண்டார். யோம் கிப்பூரில் தோல் செருப்பு போடக் கூடாது. நோட்டில் அளவை எழுதினார், பேனாவை மூடி வைத்தார், "நாளை இரவு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வெளியே வந்தபோது ஹெர்ட்ஸல் தெருவில் ஒரு கார் இல்லை. வெள்ளை உடுத்தியவர்கள் நடுரோட்டில் நடந்து ஜெபக்கூடத்துக்குப் போனார்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டினார்கள். மறுநாள் இரவு ஷோஃபார் என்கிற ஆட்டுக்கொம்பு ஊதி முடிக்கும்வரை அப்படித்தான் இருந்தது.

உங்கள் பக்கத்து மேசைப் பெண்ணிடம் நேரில் கேட்டுவிடுங்கள். கேட்டதற்கே சந்தோஷப்படுவார். என் யோசனை, போகாதீர்கள். ஆளில்லாத கட்டடத்தில் கரைப்பான் தீப்பிடித்தால் உதவிக்கு ஓடிவர யாரும் இல்லை.

மறுகேள்வி (ஐ.டி., சென்னை): இதெல்லாம் சென்டிமென்ட், மேடம். மூன்று வாரம் கருவிக்கு வரிசையே இல்லை. நம் ஆட்கள் பேப்பர் போட அதுதானே நேரம்?

சுக்கோத்தின் இடைநாள்களில் தாராளமாகப் போங்கள், நானும் போயிருக்கிறேன். யோம் கிப்பூர் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் யாருடைய பேப்பரும் நின்றுவிடாது.

மறுகேள்வி (ஹைஃபா): பொங்கலுக்கு ஒரு நாள் லீவு கேட்டால் இங்கே முகத்தைச் சுளிக்கிறார்கள். மரியாதை நாம் மட்டும் கொடுக்க வேண்டியதா?

உங்கள் கோபம் நியாயமானது. எனக்கும் தீபாவளிக்கு அப்படி நடந்திருக்கிறது. ஆனால் காரணம் பண்டிகை இல்லை, உங்களுக்கு வரும் பணத்தின் பெயர்தான். போஸ்ட்டாக்குக்குப் பெரும்பாலும் தருவது 'மில்கா', அதாவது உதவித்தொகை. அதை வாங்குபவர் சட்டப்படி ஊழியர் இல்லை. லீவு, பென்ஷன், பண்டிகை நாள் எல்லாம் புரொஃபசரின் மனசைப் பொறுத்தது.

கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்த பிறகுதான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது. 1951-ல் வந்த வேலை நேர, ஓய்வுச் சட்டம் ஊழியருக்கு வாரம் குறைந்தது 36 மணி நேரத் தொடர் ஓய்வு தருகிறது. யூதருக்கு அது சனிக்கிழமை ஓய்வு நாளான ஷப்பாத்தை ஒட்டி வரும். மற்றவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பண்டிகையும் அப்படித்தான்: யூதப் பண்டிகை நாள்களோ, தங்கள் சமயத்தின் நாள்களோ எடுத்துக்கொள்ளலாம். ரோஷ் ஹஷானாவுக்கும் பெஸாக்குக்கும் (பஸ்கா பண்டிகை) கம்பெனிகள் அன்பளிப்பு தரும், நம் ஊரில் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் தருவது போல.

அதனால் போஸ்ட்டாக் கடிதத்துக்குச் சரி என்று சொல்லும் முன்பே, எத்தனை நாள் லீவு, எந்தப் பண்டிகைக்கு என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. நான் எழுதி வாங்கவில்லை. முதல் வருடத் தீபாவளியை லேபில் நச்சுப்புகையை உறிஞ்சும் ஃப்யூம் ஹூட் முன்னால்தான் கழித்தேன்.

மறுகேள்வி (ஐ.டி., சென்னை): அப்படியென்றால் கம்பெனிதான் நல்லது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

லீவு விஷயத்தில் ஆமாம். மற்றதைக் கீழே சொல்கிறேன். இந்த வாதம் இதோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (மதுரை): பெஸாக் சமயத்தில் சோறு கிடைக்குமா?

கிடைக்கும். அன்று விலக்க வேண்டியது ஹமேத்ஸ்: கோதுமை, பார்லி போன்ற 5 தானியங்களைப் புளிக்க விட்டுச் செய்தவை. அரிசி, பருப்பை அஷ்கநாஸி யூதர்கள் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்தவர்கள்) விலக்குவார்கள், செஃபார்தி யூதர்கள் (ஸ்பெயின் வழி வந்தவர்கள்) சாப்பிடுவார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பிரெட், பாஸ்தா தட்டுகளைப் பிளாஸ்டிக் போட்டு மூடிவிடுவார்கள். மதப்பற்றுள்ளவர் வீட்டில் அறை எடுத்திருந்தால் பெருங்காயத்தைக் கவனியுங்கள். நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். ரசப்பொடியிலும் சாம்பார் பொடியிலும் அது இருக்கலாம். டப்பாவைப் படித்துப் பார்த்து, அந்த 7 நாளும் வீட்டுக்காரர் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி (சேலம்): யோம் கிப்பூரில் தண்ணீர் குடிக்கலாமா, நாம்?

கோவைக்காரருக்குச் சொன்னதேதான். குடிக்கலாம்.

கேள்வி (தூத்துக்குடி): எபிரேய பைபிளில் மயில் என்று சொல்லப்படும் 'துக்கி' நம் 'தோகை'தானே? யோம் கிப்பூரும் நம் ஏகாதசியிலிருந்து போனதுதானே?

சொல்லைப் பற்றி மொழியியல் அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். விரதம் பைபிளின் லேவியராகமத்திலேயே இருக்கிறது, அது அவர்களுடையது.

கேள்வி (வேலூர்): இப்போது அங்கே பாதுகாப்பா?

2025 ஜூனில் ஏவுகணை விழுந்து, ரெஹோவோத் நகரில் உள்ள வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தின் ஆய்வகங்களே சேதமடைந்தன. இந்தியத் தூதரக அறிவிப்பைப் பார்த்து முடிவெடுங்கள். நான் சொல்லக் கூடாது.

கேள்வி (மருந்தியல் மாணவர், ஹைதராபாத்): கம்பெனிக்குப் போனால் ஆராய்ச்சி முடிந்த மாதிரிதான் என்கிறார் என் கைடு. உண்மையா அக்கா?

இல்லை தம்பி. வைஸ்மன் நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்த ஹைம் வைஸ்மனே முதல் உலகப் போரில் பாக்டீரியாவை வைத்து அசிட்டோன் தயாரிக்கும் முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோன வேதியியலாளர். அந்த நிறுவனத்தில் மைக்கேல் செலா, ரூத் ஆர்னன், த்வோரா டைட்டல்பாம் மூவரும் 1960களின் இறுதியில் நரம்புறைப் புரதத்தைப் போல ஒரு செயற்கைச் சேர்மம் செய்தார்கள். ஆய்வக விலங்குகளில் நரம்புறையைத் தாக்கும் நோயைத் தூண்டும் என்று எதிர்பார்த்தது நோயைத் தடுத்தது. இஸ்ரேலின் டேவா மருந்து கம்பெனி அதை எடுத்து வளர்த்தது. 1996-ல் அமெரிக்காவில் கோபாக்சோன் என்ற பெயரில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்புறை நோய்க்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய 30 ஆண்டு. லேப் மட்டும் இருந்தால் அது மருந்தாகியிருக்காது. கம்பெனி மட்டும் இருந்தால் அது பிறந்தே இருக்காது.

கம்பெனியில் நான் கற்றது, ஒரே வினையை 50 முறை செய்தாலும் அதே தூய்மை வரவேண்டும் என்பது. இழந்தது, என் கேள்வியை நானே தேர்ந்தெடுக்கும் உரிமை. அதற்காகத்தான் திரும்பினேன். திரும்பும்போது 5 ஆண்டுக்குப் பேப்பர் இல்லையே என்று எல்லா நேர்காணலிலும் கேட்டார்கள். என்னைக் காப்பாற்றியது இரண்டு காப்புரிமைகளில் இருந்த என் பெயர். கம்பெனியில் சேரும்போதே எதை வெளியிடலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கான ராமானுஜன், ராமலிங்கசாமி ஃபெல்லோஷிப்களுக்கு வயது வரம்பு உண்டு, அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

கேள்வி (பெங்களூரு): போஸ்ட்டாக் விசாவிலேயே கம்பெனியில் சேரலாமா?

முடியாது. விசா வகை மாற வேண்டும், கம்பெனிதான் விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் அஹரேய் ஹஹாகிம்தான். ஜூலையிலேயே ஆரம்பியுங்கள்.

கேள்வி (ஈரோடு): யோம் கிப்பூருக்கு நாமும் விரதம்…

மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவி, திருச்சி): கடைசியாக ஒன்று, அக்கா. அந்தப் புரொஃபசரோடு இப்போதும் தொடர்பு உண்டா?

உண்டு. 2025-ல் அக்டோபர் 1 ஆயுத பூஜை. எங்கள் லேப் தராசுக்கும் ரோட்டரி எவாப்பரேட்டருக்கும் மாணவிகள் சந்தனம், குங்குமம் வைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பொரிகடலை கொடுத்தார்கள். அன்று மாலைதான் அங்கே யோம் கிப்பூர் தொடக்கம். படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அங்கே சூரியன் மறையும்போது நமக்கு இரவு 9 மணி நெருங்கிவிடும், அதற்குமேல் ஃபோனைத் தொடமாட்டார். எட்டேகாலுக்குப் பதில் வந்தது: "கருவிகளுக்கும் ஓய்வு நாளா? நல்லது. என்.எம்.ஆருக்கு நைட்ரஜன் ஊற்றிவிட்டேன்."