மிலானிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டும் சிவப்பு ரயில்: கேட்டதும் சொன்னதும்

மிலானில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் டுவோமோ பேராலயம், மறுநாள் சுவிஸ் எல்லையோர ஊரான திரானோவுக்கு ரயில் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வழியனுப்பப் போகிற சாக்கில் நானும் ஏறிவிடுவேன். இத்தாலியிலிருந்து சுவிஸ் மலைகளை ரயிலில் கடப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மிலானிலிருந்து சூரிக்குக்கு நேர் ரயில் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. அதிலேயே மலை தெரியாதா அண்ணா? எதற்குச் சுற்றிப் போக வேண்டும்?

பதில்: கொஞ்சம் தெரியும். லுகானோ பக்கம் ஏரி எட்டிப் பார்க்கும். அப்புறம் 57 கிலோமீட்டர் சுரங்கம். 2016இல் திறந்த கோத்தார்டு அடிவாரச் சுரங்கம்தான் உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். கட்டியவர்களைக் கும்பிடலாம். ஆனால் ஜன்னலோர சீட்டுக்காரருக்குக் கிடைப்பது இருபது நிமிட இருட்டு.

மலையைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் மூன்று பாதைகள் உண்டு. ஒன்று, 1882இல் திறந்த பழைய கோத்தார்டு பாதை. வாசன் என்ற ஊரின் வெள்ளைத் தேவாலயம் அதில் மூன்று முறை, மூன்று உயரத்தில் தெரியும். ரயில் மலைக்குள் சுழன்று ஏறுவதுதான் காரணம். இரண்டாவது, தொமோதொசோலாவிலிருந்து லோகார்னோவுக்குப் போகும் செந்தோவாலி பாதை. இரண்டு மணி நேரம் காடும் பள்ளத்தாக்குமாகப் போகும், கூட்டமும் குறைவு. மூன்றாவது திரானோவிலிருந்து சுவிஸ் மலைக்குள் ஏறும் பெர்னினா பாதை. ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் பெர்னினாவைத்தான் சொல்வேன். கீழே கேட்டிருப்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அதைத்தான் முடிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: பெர்னினா எக்ஸ்பிரஸில் எங்கள் தேதிக்கு இடமே இல்லை. பயணத்தையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்தக் கேள்வி மட்டும் ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெர்னினா எக்ஸ்பிரஸ் என்பது ஒரு ரயிலின் பெயர். பாதையின் பெயர் அல்ல. கூரை வரை கண்ணாடி வைத்த பனோரமா பெட்டிகள் அதில் உண்டு, டிக்கெட்டோடு தனியாக இருக்கை முன்பதிவும் கட்டாயம். அதே தண்டவாளத்தில் ஏறத்தாழ மணிக்கு ஒரு சாதாரண ரயில் திரானோவுக்கும் சுவிஸ் மலை ஊரான செயின்ட் மோரிட்ஸுக்கும் இடையே ஓடுகிறது. பாதையை நடத்தும் ரேட்டியன் ரயில்வேயின் அதே சிவப்பு, அதே பாலம், அதே பனியாறு. முன்பதிவு தேவையில்லை. நடுவில் எங்கே வேண்டுமானாலும் இறங்கி அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பனோரமா பெட்டியின் கண்ணாடி திறக்காது. சாதாரண ரயிலின் பல பெட்டிகளில் மேல் பாதி ஜன்னலை இறக்கலாம். முதல் தடவை நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பனோரமாவில் போனேன். எடுத்த படங்களில் எல்லாம் பனிமலைக்கு நடுவே என் சட்டை மிதக்கிறது. பனோரமாதான் என்று உறுதியாக இருந்தால் கருப்பு உடை போடுங்கள், லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள்.

எக்ஸ்பிரஸுக்கு ஒரு வசதி உண்டு. கூர் என்ற சுவிஸ் நகரம் வரை நாலு மணி நேரம் ஒரே இருக்கையில் போய்விடலாம். பெட்டி படுக்கையோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் அதற்காக எடுக்கலாம்.

கேள்வி: மிலானிலிருந்து திரானோ எப்படிப் போவது? டிக்கெட் முன்னாலேயே வாங்க வேண்டுமா?

பதில்: மிலானோ சென்ட்ராலே நிலையத்தில் வட்டார ரயில் ஏற வேண்டும். சுமார் இரண்டரை மணி நேரம். விலை நிலையானது, அன்றைக்கே வாங்கலாம். போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். லெக்கோ தாண்டியதும் கோமோ ஏரி பக்கத்திலேயே வரும். வரேன்னா, பெல்லானோ, கோலிகோ வரை தண்ணீர்தான்.

இயந்திரத்தில் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறிய பெட்டியில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். நான் வந்த புதிதில் இது தெரியாமல், கையில் டிக்கெட் வைத்துக்கொண்டே அபராதம் கட்டியவன்.

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், தேதியை முன்னாலேயே அறிவித்துவிடுவார்கள். வேலைநாளானால் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட சில வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. சில கோடைகளில் தண்டவாள வேலைக்காகப் பாதையின் ஒரு பகுதியை மூடிப் பேருந்து விடுகிறார்கள். பயணத் தேதிக்கு ஒரு வாரம் முன் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

திரானோவில் இத்தாலி நிலையம், சுவிஸ் நிலையம் என இரண்டு அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். முதல் ரயில் தாமதமானால் எக்ஸ்பிரஸ் உங்களுக்காக நிற்காது.

கேள்வி: திரானோவில் ஏறினால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

பதில்: இடது பக்கம். கீழே பொஸ்கியாவோ ஏரி மட்டும் வலப்பக்கம் வரும். மேலே பாலூ பனியாறு, லாகோ பியாங்கோ ஏரி, மோர்தெராச் பனியாறு எல்லாம் இடப்பக்கம். கூர் வரை போனால் லாண்ட்வாசர் பாலத்துக்கும் இடதுதான் நல்லது. சாதாரண ரயிலில் கூட்டம் இல்லாத நாளில் இந்தக் கவலையே வேண்டாம், எழுந்து மாறி உட்காரலாம்.

கேள்வி: எங்கள் ஊர் குன்னூர். ஊட்டி ரயிலைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது அண்ணா?

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. இரண்டுமே மீட்டர் கேஜ். இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. நீலகிரி 2005இல், இது 2008இல். பாதையின் உச்சியான ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தின் உயரம் 2,253 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊட்டி அளவு. சொந்தமும் உண்டு. உங்கள் ஊர்ப் பாதையில் ஓடிய பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சூரிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை.

வித்தியாசம் ஏறும் விதத்தில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் இருக்கிறதே, அது இங்கே கிடையாது. ஊட்டிப் பாதையில் 12 அடி போனால் ஓர் அடி ஏறும். பெர்னினாவில் அதிகபட்சம் 1,000 மீட்டருக்கு 70 மீட்டர், அதாவது சுமார் 14க்கு 1. அந்தச் சரிவை வெறும் சக்கரப் பிடிமானத்தில் ஏறுகிறது. 1910இல் முழுப் பாதையும் முடிந்தபோதே மின்சார ரயில்தான்.

திரானோ 429 மீட்டரில் இருக்கிறது. உச்சிக்கு 1,800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், நேராக ஏற முடியாது. அதனால் பாதை வளைந்து வளைந்து போகிறது. புருசியோவில் ஒன்பது வளைவுகள் கொண்ட கல்பாலம் ஒன்று புல்வெளியில் வட்டமாகவே நிற்கும். ரயில் அதன் அடியில் புகுந்து வருவதும், பாலத்தின் மேல் ஏறிச் சுற்றுவதும் ஜன்னலிலிருந்தே தெரியும். தன் வாலைத் தானே பார்க்கிற பாம்பு மாதிரி இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, மூச்சு வாங்கும். அந்த உயரம் பரவாயில்லையா?

பதில்: ஊட்டிக்குப் போய் வந்தவர் என்றால் பெரும்பாலும் சிரமம் இருக்காது. இருந்தாலும் மூச்சுப் பிரச்சினை என்பதால் கிளம்புமுன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உச்சியில் கோடையிலும் குளிர் காற்று உண்டு, திரானோ வெயிலை நம்பி ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. வழியில் சாப்பாடு?

பதில்: திரானோவில் பிட்சோக்கெரி கேளுங்கள். பக்வீட் மாவில் செய்த பட்டை நூடுல்ஸை உருளைக்கிழங்கு, கோஸ், பாலாடைக்கட்டி, பூண்டு தாளித்த வெண்ணெயோடு கலந்து தருவார்கள். ஒரு தட்டை இரண்டு பேர் சாப்பிடலாம். முட்டை சேர்க்கிறார்களா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியப் பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பார்கள். அதையும் தவிர்ப்பவர் என்றால் பிட்சோக்கெரியும் கிடையாது. சாலட் மேல் சிவப்பாக மெல்லிய தாள் மாதிரி பரப்பி வந்தால் அது பிரெசாவோலா, மாட்டிறைச்சி.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போவோம். சாதாரண ரயிலில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் வாங்க வேண்டாம், சுவிஸ் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

கேள்வி: விசா இத்தாலிக்கா, சுவிட்சர்லாந்துக்கா? எல்லையில் இறங்க வேண்டுமா?

பதில்: இரண்டும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். எங்கே அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எல்லையில் இறங்க வேண்டியதில்லை, சில சமயம் சோதனைக்கு வருவார்கள். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் லாபமா?

பதில்: பெர்னினா ஒன்றுக்காக மட்டும் என்றால் இல்லை. அப்புறம் லூசெர்ன், இன்டர்லாகன் என்று நாலைந்து நாள் சுற்றப் போகிறீர்கள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். திரானோவிலிருந்தே பாஸ் செல்லும். எக்ஸ்பிரஸ் முன்பதிவுக் கட்டணமும், மிலான் முதல் திரானோ வரையான இத்தாலி டிக்கெட்டும் அதில் சேராது. பெற்றோர் பாஸ் வைத்திருந்தால் 16 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம், கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு நாள்தான் சுவிஸில் என்றால் சேவர் டே பாஸ் பாருங்கள். எவ்வளவு முன்னால் வாங்குகிறோமோ அவ்வளவு மலிவு.

கேள்வி: அண்ணை, நாங்கள் ரொறொன்ரோவில இருந்து வாறம். சூரிக்கில சித்தி வீடு. அங்கயிருந்து மிலானுக்கு இதே பாதையில இறங்கி வரலாமோ?

பதில்: தாராளமாக வாருங்கள். சூரிக்கிலிருந்து கூருக்கு முதல் ரயில். அதில் இடது பக்கம் உட்கார்ந்தால் வாலன் ஏரி தெரியும். கூரில் மாறியதும் வலது பக்கம். ஃபிலிசூருக்குச் சற்று முன் லாண்ட்வாசர் பாலம் வரும். 65 மீட்டர் உயரம், ஆறு வளைவுகள். பாலம் முடியும் இடத்தில் செங்குத்துப் பாறை, ரயில் அப்படியே அதற்குள் நுழைந்துவிடும். உள்ளே இருந்து பார்க்கக் கிடைப்பது சில நொடிகள்தான். பாலத்தை முழுசாகப் பார்க்க ஃபிலிசூரில் இறங்கிக் காட்டுப் பாதையில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், வடக்கிலிருந்து தெற்கே வருவதுதான் எனக்குப் பிடிக்கும். காலையில் பனியாற்றைப் பார்த்துவிட்டு மத்தியானம் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே இறங்குவோம். திரானோவுக்குள் ரயில் தெருவிலேயே ஓடும், மாதா கோயில் வாசலை உரசுகிற மாதிரி. கார்கள் ஓரமாக நின்று வழிவிடும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை பச்சை. அக்டோபரில் லார்ச் மரங்கள் மஞ்சளாகிவிடும், என் ஓட்டு அதற்கு. பனி வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி. ரயில் வருடம் முழுக்க ஓடும். டிசம்பரில் மட்டும் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், காலை ரயிலாகப் பிடியுங்கள். நவம்பரை விட்டுவிடுங்கள், இலையும் இருக்காது, பனியும் சரியாக இருக்காது.

கேள்வி: கிளேசியர் எக்ஸ்பிரஸையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: செயின்ட் மோரிட்ஸிலிருந்து செர்மாட்டுக்கு எட்டு மணி நேரம். பெர்னினாவுக்கு மறுநாளே அதில் ஏறியவர்கள் மூன்றாம் மணியிலிருந்து தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு வையுங்கள்.

கேள்வி: மிலானில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம். போய்த் திரும்ப முடியுமா?

பதில்: முடியும். ஆனால் செயின்ட் மோரிட்ஸ் வரை போனால் போகவர பத்து மணி நேரம் ரயிலிலேயே போய்விடும், அந்த ஊரில் நடக்க நேரம் இருக்காது. வழியில் வரும் ஆல்ப் கிரூம் நிலையத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2,091 மீட்டரில் கல்லால் கட்டிய நிலையம், அதிலேயே ஒரு உணவகம். அங்கே கார் போகும் சாலை கிடையாது, ரயிலில் வர வேண்டும், இல்லையென்றால் நடந்து வர வேண்டும். எதிரே பாலூ பனியாறு, காலடியில் பள்ளத்தாக்கு, ரொம்பக் கீழே பொஸ்கியாவோ ஏரி. வந்த ரயில் போனதும் சத்தம் முழுக்க அடங்கிவிடும். அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும். காபி வாங்கிக்கொண்டு வெளி பெஞ்சில் உட்காருங்கள்.