'ஹலால் பேக்கேஜ்' 68,000 ரூபாய்: கோலாலம்பூருக்கு அது தேவையா?

கேள்வி: திருச்சியில் தனியார் பள்ளி ஆசிரியை நான். வயது 36, சம்பளம் 38,000, செலவு போக மாதம் 14,000 வரை மிஞ்சும். சேமிப்பு 1.4 லட்சம் இருக்கிறது. காலாண்டு விடுமுறையில் தனியாகக் கோலாலம்பூர் போய் நான்கு இரவு தங்கிவிட்டு வர ஆசை. ஓடி ஓடி இடம் பார்க்க வேண்டாம், நடக்க வேண்டும், நல்ல ஹலால் சாப்பாடு சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஏஜென்ட் 'ஹலால் பேக்கேஜ்' என்று 68,000 கேட்கிறார், வட்டியில்லாத ஈஎம்ஐ உண்டு என்கிறார். வட்டி எனக்கு ஆகாது. போகலாமா? இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் அந்த பேக்கேஜில் வேண்டாம், அந்த ஈஎம்ஐயில் வேண்டவே வேண்டாம்.

முதலில் ஈஎம்ஐ. 'நோ காஸ்ட்' என்று சொன்னாலும் வங்கி தன் வட்டியைப் போடத்தான் செய்கிறது. அந்தத் தொகையை விற்பவர் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துக் கொடுப்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள், வட்டி என்று தனியாகவே எழுதியிருக்கும், அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும், பிராசசிங் கட்டணம் வேறு. வட்டியைத் தொட மாட்டேன் என்பவர் இதில் கையெழுத்துப் போடும் முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து பேக்கேஜ். 'ஹலால்' என்ற சொல்லுக்கு நீங்கள் கூடுதல் காசு கொடுக்கப் போகும் ஊர் எது என்று பாருங்கள். கோலாலம்பூரில் ஹலால் சாப்பாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை, தெருவுக்குத் தெரு இருக்கிறது. தோக்கியோவுக்கோ சியோலுக்கோ போகிறீர்கள் என்றால் யாராவது விசாரித்து வைத்திருப்பதற்குக் காசு கொடுக்கலாம், நியாயம். இங்கே எதற்கு? தனியாகப் போகிறவருக்கு இன்னொரு அடியும் உண்டு: பேக்கேஜ் விலையெல்லாம் அறைக்கு இருவர் என்ற கணக்கில் போட்டது, ஒருவர் என்றால் அறை வாடகை முழுவதும் உங்களுடையது. அப்புறம் விமானமும் ஹோட்டலும் சேர்ந்த வெளிநாட்டு டூராக வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பார்கள், அதாவது விற்பவரே முன்கூட்டி வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி. ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்தான், ஆனால் உங்கள் சம்பளத்துக்குப் புதிய வருமான வரி முறையில் வரியே வராது, பிறகு எதற்கு அந்தப் பணம் அரசிடம் போய் மாதக்கணக்கில் உட்கார வேண்டும்? டிக்கெட்டைத் தனியாக, அறையைத் தனியாக நீங்களே போட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

நானே ஒரு கணக்குப் போட்டேன், மலேசியப் பணமான ரிங்கிட் ஒன்று 22 ரூபாய் என்று வைத்து (வாங்கும் நாளில் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்). திருச்சியிலிருந்து நேரடி விமானம், போக வர 16,000. அறை இரவுக்கு 180 ரிங்கிட், அதோடு வெளிநாட்டவருக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, இதைப் பல ஹோட்டல்களில் கவுன்ட்டரில் தனியாக வாங்குவார்கள். நான்கு இரவுக்கு 760 ரிங்கிட், 16,720 ரூபாய். சாப்பாட்டுக்கு நாளுக்கு 60 ரிங்கிட் என்று ஐந்து நாளுக்கு 6,600. ரயில், டாக்சி 5,500. காப்பீடும் சிம்மும் 1,500. வீட்டுக்கு ஏதாவது வாங்க 5,000. மொத்தம் 51,320. ஏஜென்ட் சொன்னதைவிடப் பதினாறாயிரத்துக்கு மேல் குறைவு.

மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் அறைக்குப் போகட்டும். மஸ்ஜித் ஜமேக் எல்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். கேஎல் சென்ட்ரல், பசார் சேனி, மஸ்ஜித் ஜமேக், கம்போங் பாரு, இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி எல்லாமே ஒரே ரயில் பாதையில் வருகின்றன. 1909-ல் திறந்த பழைய பள்ளிவாசல் பக்கத்தில், மஸ்ஜித் இந்தியா தெரு கூப்பிடு தூரத்தில், அங்கே கடைகளில் தமிழ் பேசியே காலத்தை ஓட்டலாம். ஐம்பது ரிங்கிட் மலிவு என்று ஊர்க்கோடியில் அறை போட்டுவிட்டு டாக்சிக்கு அழுவதுதான் தனிப் பயணத்தில் நடக்கும் பெரிய வீண்செலவு, அலைச்சலும் அதில்தான்.

அறையோடு காலை உணவைச் சேர்த்துப் போடாதீர்கள். கீழே இறங்கினால் மாமாக் கடை. அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகள், பலரின் பூர்வீகம் இராமநாதபுரம், கடையநல்லூர் பக்கம். ரொட்டி சானாயும் (நம்ம பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) ஐந்தாறு ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும், பல கடைகள் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாசி கண்டார், அதாவது சோற்றோடு நாம் கை காட்டும் குழம்பு, கறிகளை வைத்துத் தரும் சாப்பாடு, அதைச் சாப்பிடும்போது மட்டும் வாயைத் திறந்து விலை கேளுங்கள். சோறும் கோழியும் சாதாரண விலைதான், பெரிய இறாலையும் கணவாயையும் கை காட்டினால் பில் எகிறும். ஏசி உணவகங்களில் 10% சேவைக் கட்டணமும் 6% வரியும் சேர்ப்பது வழக்கம், மெனுவில் இருக்கும் விலை கடைசி விலை இல்லை.

ஹலால் விஷயத்தில் உங்கள் அளவுகோலை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஜாக்கிம் (மலேசிய அரசின் இஸ்லாமிய வளர்ச்சித் துறை) தரும் ஹலால் முத்திரை இருந்தால் கேள்வியே இல்லை. முத்திரை வாங்காத முஸ்லிம் கடைகளும் நிறைய உண்டு. ஆனால் 'பன்றி இல்லை' என்று மட்டும் போர்டு வைத்திருந்தால் அது ஹலால் என்று பொருள் இல்லை, கோழியை எப்படி அறுத்தார்கள் என்பதை அந்த போர்டு சொல்லாது. ஜாலான் ஆலோர் சாப்பாட்டுத் தெருவில் சீனக் கடைகளே அதிகம், வேடிக்கை பாருங்கள், சாப்பிட மலாய்க்காரர்கள் வாழும் கம்போங் பாருவுக்குப் போங்கள்.

சரி, பணம் எங்கிருந்து? அந்த 1.4 லட்சத்தைத் தொடாதீர்கள். உங்கள் செலவு மாதம் 24,000, ஆக அது ஆறு மாதச் செலவுக்குக் கொஞ்சம் குறைவு, அவசரத்துக்கு என்று அப்படியே கிடக்கட்டும். மிஞ்சும் 14,000-ல் மாதம் 8,500 தனிக் கணக்கில் போட்டு வந்தால் ஆறு மாதத்தில் 51,000. இரண்டாவது மாத முடிவில் 17,000 சேர்ந்திருக்கும், அன்றே டிக்கெட் போட்டுவிடுங்கள். சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியை, பலரும் செய்வதுபோல, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். டாடா எதிகல் ஃபண்ட் போன்ற ஷரியா வழி ஃபண்டில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது முழுக்கப் பங்குச்சந்தை, ஆறு மாதத்தில் எடுக்க வேண்டிய பணத்துக்கு ஆகாது, பத்து வருடத் திட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஜகாத் தேதி வந்தால் பயணத்துக்கு ஒதுக்கியதும் அன்றைக்குக் கையிருப்புதான், கணக்கை உங்கள் ஆலிமிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

அங்கே கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் 3.5% வரை எடுத்து அதற்கு ஜிஎஸ்டியும் போடும், ஆயிரம் ரிங்கிட்டுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் வரை சும்மா போகும். அந்தக் கட்டணம் இல்லாத கார்டோ, வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் 'ரூபாயா, ரிங்கிட்டா' என்று கேட்டால் ரிங்கிட் என்றே அழுத்துங்கள். விலை குறைந்த விமானங்களில் கைப்பை 7 கிலோதான், திரும்பி வரும் டிக்கெட்டுக்கு மட்டுமாவது பெட்டியை முன்னாலேயே சேர்த்துவிடுங்கள், விமான நிலையத்தில் எடை போட்டுக் கேட்பது பல மடங்கு. இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை அறிவித்திருக்கிறார்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம்.