பிஎஸ்ஏ 7.2 வந்தால் உடனே பயாப்ஸி எடுக்க வேண்டுமா?

அப்பாவுக்கு வயது 66, பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரப்பியில் கோளாறு உண்டா என்று காட்டும் ரத்தச் சோதனை) 7.2, நேரே பயாப்ஸியா (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்த்ததில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை என்றால் அவ்வளவு அவசரமில்லை. முதலில் அந்த எண்ணை நம்பலாமா என்று பாருங்கள். சிறுநீர்த் தொற்று இருந்தால் பிஎஸ்ஏ தாறுமாறாக ஏறும். அது குணமாகி 6 வாரம் கழித்தே மறுபடி எடுக்க வேண்டும். சோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் உடலுறவும் நெடுநேர சைக்கிள் சவாரியும் கூடாது. முதல் தடவை அடையாறு, அடுத்தது தாம்பரம் என்று லேபை மாற்றாதீர்கள். கருவி மாறினால் எண்ணும் மாறும். டாக்டரிடம் பலர் சொல்ல மறப்பது ஒன்று: புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு மாத்திரைகளை 6 மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகத்தான் தெரியும். அப்படியானால் இந்த 7.2 உண்மையில் 14-ஐ ஒட்டியது.

மறுசோதனையிலும் குறையவில்லையா? பயாப்ஸிக்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள். பின்னால் எடுத்தால் ஊசி குத்திய இடத்து ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும். 2018-இல் வெளியான, 500 பேர் பங்கேற்ற பிரிசிஷன் ஆய்வில், எம்ஆர்ஐயை முதலில் செய்த குழுவில் சிகிச்சை தேவைப்படும் வகைப் புற்று 38% பேரிடம் பிடிபட்டது. எம்ஆர்ஐ இல்லாமல் நேரே பயாப்ஸி எடுக்கும் பழைய முறையில் 26%. எம்ஆர்ஐ படத்தில் புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்று 1 முதல் 5 வரை தரும் மதிப்பெண்தான் பைராட்ஸ். அது 4, 5 என்றால் பயாப்ஸி. 1, 2 என்றால் பெரும்பாலும் கண்காணிப்பு போதும். 3தான் இழுபறி, அங்கே பிஎஸ்ஏவைப் புரோஸ்டேட் சுரப்பியின் கன அளவால் (மில்லிலிட்டரில்) வகுப்பார்கள், 0.15-ஐத் தாண்டினால் பயாப்ஸிப் பக்கம் சாய்வார்கள்.