சிபியு சுருக்கென்கிறது, கூரை உதிர்கிறது: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: மண்டபத்தில் கடலை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். ஒன்பது பேர். மீன் ஏற்றுமதிக்கான பில், கணக்கு வேலைதான். போன மாதம் வாசலில் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கூரைப் பூச்சு பெயர்ந்து ஒரு மேசைமேல் விழுந்தது. சிபியு பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் சரிசெய்யப் பணம் இல்லை என்கிறார் முதலாளி. எதில் தொடங்கலாம்?

பதில்: சிபியுவில். அதுவும் இன்றைக்கே.

லேசாகத்தானே அடிக்கிறது என்று விரலை உதறிவிட்டு அடுத்த பில்லைப் போடுவது நம் பக்கத்து அலுவலகங்களில் சகஜமாகிவிட்டது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியாகத் துளி மின்சாரம் எப்போதும் பெட்டியின் தகரத்துக்குக் கசியும். எர்த் கம்பி அதை மண்ணுக்குள் இறக்கிவிடும். உங்கள் விரலுக்கு அது தெரிகிறதென்றால் எர்த் வேலை செய்யவில்லை. இந்தக் கசிவு மட்டும்தான் என்றால் ஆளைக் கொல்லாது. ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு வயர் உரிந்து தகரத்தில் பட்டால் 230 வோல்ட்டும் அங்கே வந்து நிற்கும். மண்ணுக்குப் போக உங்கள் உடம்பைத் தவிர அதற்கு வேறு வழி இருக்காது. ஏற்கெனவே உரிந்திருக்கிறதா என்பதையும் விரலை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த சிபியுவின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

அவர் வருவதற்குள் நீங்களே ஒன்றைப் பார்த்துவிடலாம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா? மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸா? அவற்றில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் வயர் இருக்காது. பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி எர்த் குழியில். எர்த்துக்காக அதில் புதைக்கும் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கடலோர மண்ணில் சீக்கிரம் அரித்துப் போகும். தொண்டிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் குழியைத் தோண்டிப் பார்த்தேன். மேலே தெரிந்த ஒரு சாண் மட்டும்தான் பைப். கீழே எல்லாம் துருத்தூள். ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவே பல்பை மாட்டி, 'எரியுது சார், எர்த் நல்லாருக்கு' என்று சொல்பவரை நம்பிவிடாதீர்கள். 40 வாட் பல்பு எரிய 0.2 ஆம்பியர்கூடத் தேவையில்லை; அரைகுறை எர்த்திலும் அது எரியும். எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது.

அப்புறம், மெயின் பாக்ஸில் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா? எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி, மின்சாரம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்; அது வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். உங்கள் பணத்தை முதலில் போட வேண்டிய இடம் இதுதான். அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உப்புக் காற்றில் உள்பாகங்கள் பிடித்துக்கொண்டால் வேண்டிய நேரத்தில் அது துண்டிக்காது.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளை இழுக்காதீர்கள், மெயினை அணையுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சும் பேச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள்.

கூரைக்கு வருவோம். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது துருதான். அதே காற்றுதான் உங்கள் கூரைக்குள்ளும் போகிறது. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துருப் பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்டு, கான்கிரீட்டைக் கீழே தள்ளும். அதன்மேல் சிமெண்டைப் பூசி வெள்ளையடிப்பது வீண் செலவு. கம்பி தெரியும்வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு பூசி, அதன் பிறகுதான் மூட வேண்டும். அதற்குப் பணம் சேரும்வரை காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீளக் கம்பால் கூரையைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி வரும் இடத்துக்குக் கீழே மேசை, நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது. தட்டும்போது நீங்களும் நேர் கீழே நிற்காதீர்கள். ஃபேன் மாட்டியிருக்கும் கொக்கியையும் கப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கப் பளபளப்பாக இருக்கும். கொக்கி நூலாக மெலிந்திருக்கும்.

வாசல் சுலபம். உங்கள் ஆள் வழுக்கியது தண்ணீரில் என்று நினைக்கலாம். எனக்கு மணல்மேல்தான் சந்தேகம். பளபள டைல்ஸ்மேல் கடற்கரை மணல் சின்ன உருளைகள் மாதிரி. வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு கயிற்று மிதியடிகள் போடுங்கள். ஆட்கள் வருவதற்கு அரை மணி முன்பே துடைத்துக் காயவிடுங்கள். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலிமேல் ஏறி பீரோ உச்சியிலிருந்து ஃபைல் எடுப்பவர் ஒன்பது பேரில் ஒருவராவது இருப்பார். அவருக்கு ஒரு சின்ன ஏணி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

முறிந்தது வலது மணிக்கட்டு என்றால், அவர் வேலைக்குத் திரும்பும் அன்று மவுஸை இடப்பக்கம் மாற்றி வைத்துவிடுங்கள்.