விநியோக வாகனத்துக்கு பட்டன் ஸ்டார்ட் தேவையா? மட்டக்களப்பிலிருந்து ஒரு சாரதியின் பதில்

கேள்வி இதுதான்: கடைகளுக்கும் வீடுகளுக்கும் சாமான் கொடுக்கும் வேலைக்கு ஒரு வானோ சிறு லொறியோ வாங்கும்போது, பட்டன் ஸ்டார்ட்டும் திறப்புப் போடாமலே திறக்கும் கதவும் உள்ளதைத் தேடி வாங்குவது பிரயோசனமா, வழமையான திறப்பே போதுமா, இந்த வேலையில் இருக்கும் சாரதிகள் என்ன நினைக்கிறார்கள்?

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர வீதியில் விநியோக வான் ஓட்டுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். திறப்பைத் திருகாமல் பட்டனை அழுத்தி எஞ்சினை ஓடவைக்கும் பட்டன் ஸ்டார்ட்டால் எங்களுக்குக் கிடைக்கும் நன்மை சிறிது. கதவு தானாகத் திறந்து பூட்டிக்கொள்வதால் கிடைக்கும் நன்மை பெரிது. ஆனால் திறப்புக்குப் பதிலாக வரும் றிமோட் யாருடைய சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானிக்காவிட்டால் இரண்டுமே தொல்லையாகிவிடும்.

சொந்தக் கார் வைத்திருப்பவர் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் ஸ்டார்ட் செய்வார். காத்தான்குடி ஒழுங்கைகளில் பொதி கொடுப்பவர் நாலு வீட்டுக்கு ஒரு தரம் நிறுத்த வேண்டும். முறைப்படி பார்த்தால் ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றி, முன்கதவைப் பூட்டி, பின்னால் போய் ஆமைப்பூட்டைத் திறந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் பூட்டிவிட்டுத்தான் படலையடிக்குப் போக வேண்டும். நடைமுறையில் இதை யாரும் செய்வதில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், திறப்பு அதிலேயே தொங்கும், கதவு அரைவாசி திறந்திருக்கும், காசுப் பை ஆசனத்துக்குக் கீழே கிடக்கும், சாரதி ஒழுங்கைக்குள் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். இதைச் சாரதியின் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமில்லை. வேலைக்குக் கொடுக்கப்படும் நேரமே அவ்வளவுதான். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு பெட்டி காணாமல் போனால் பெரும்பாலும் அவருடைய சம்பளத்தில்தான் கழிக்கப்படுகிறது. ஆகையால் இந்தப் பட்டன், றிமோட் முறை நல்லதா கெட்டதா என்பதை, அது இந்த ஒரு நிலையை மாற்றுகிறதா என்பதை வைத்தே நான் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் பொதி விநியோகம் செய்யும் யூபிஎஸ் நிறுவனம் இதைச் சரியாக விளங்கிக்கொண்டது என்று நினைக்கிறேன். முன்பு அதன் சாரதிகள் திறப்பைத் தேடி நேரம் போக்காமல் விரலிலேயே மாட்டிக்கொண்டு நடக்கப் பழக்கப்பட்டிருந்தார்கள். பிறகு, 2011 அளவில், அந்நிறுவனம் இடுப்புப் பட்டியில் மாட்டும் றிமோட்டுக்கு மாறத் தொடங்கியது. ஒரே அழுத்தில் எஞ்சினும் நிற்கும், சாரதி இருக்கைக்கும் சாமான் பகுதிக்கும் இடையிலுள்ள கதவும் திறக்கும். நிறுத்தம் ஒன்றுக்கு 1.75 விநாடி மிச்சமாகிறது என்று கணக்கிட்டார்கள். விநாடிக் கணக்கு முதலாளிக்கு. எனக்குப் பட்டது வேறு: அந்த ஏற்பாடு சாமான் கதவையும் எஞ்சினையும் ஒன்றாகச் சேர்த்தது. எங்களுடைய சந்தையில் கிடைப்பவை அப்படிச் செய்யப்பட்டவை அல்ல. அவை கார்களுக்கு என்று உருவாகி வான்களுக்கும் சிறு லொறிகளுக்கும் வந்தவை. பின்னால் தனியாகக் கட்டிய பெட்டியுடைய லொறியில் றிமோட் பூட்டுவது முன்கதவுகளை மட்டுமே, பின்னால் அதே ஆமைப்பூட்டுத்தான். அப்படியானால் பாதி வேலைக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். பின்கதவும் சேர்ந்து பூட்டப்படும் வான் என்றால் அது வேறு கதை.

இனி, நான் பேசிய சாரதிகள் அநேகமாக எல்லோரும் சொல்லும் குறைக்கு வருகிறேன். வாகனம் சுமார் 125 கிலோஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அலைவரிசையில் றிமோட்டைத் தேடுகிறது, றிமோட் ஏறத்தாழ ஒரு மீற்றருக்குள் இருந்தால் பதில் சொல்கிறது, பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். ஆனால் ஸ்டார்ட் ஆன பிறகு றிமோட் வாகனத்தை விட்டு வெளியே போனாலும் எஞ்சின் நிற்காது. ஓடும் வாகனம் நடுவீதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரியானதுதான். ஒரு சத்தமும் ஓர் எச்சரிக்கை விளக்கும் மட்டுமே வரும். தனியாக ஓடும் ஒருவருக்கு இதனால் பாதிப்பில்லை. சாரதியும் உதவியாளும் சேர்ந்து போகும் வாகனத்தில் இதுவே பெரிய சிக்கல். யோகட் கொண்டுபோகும் ஒரு காக்கா (அண்ணன் முறைக்காரரை இங்கு அப்படித்தான் கூப்பிடுவோம்) எஞ்சினை ஓடவிட்டு, கல்முனைச் சந்தையில் காசு வசூலிக்க இறங்கியிருக்கிறார். லைசன்ஸ் உள்ள உதவியாள், நேரம் போகிறதே என்று, நிந்தவூர்க் கடைகளை முடித்துவிட்டு வர வானை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சந்தை இரைச்சலில் எச்சரிக்கைச் சத்தம் அவர் காதில் விழவில்லை. நிந்தவூரில் முதல் கடையடியில் எஞ்சினை நிறுத்தினார், அதோடு சரி. றிமோட் கல்முனையில் காக்காவின் சேர்ட் பைக்குள். அவர் ஆட்டோ பிடித்து வந்து சேரும்வரை யோகட் வெயிலில் நின்றது. “திறப்பு எண்டா அதிலயே கிடந்திருக்கும் தம்பி, பொடியன் வேலைய முடிச்சிட்டு வந்திருப்பான்” என்றார். அவருடைய பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆளுக்கொரு றிமோட் கொடுப்பதும் முழுத் தீர்வாகாது. உதவியாள் தன் றிமோட்டோடு வானுக்குள் இருந்து தூங்கினால் சாரதி பூட்டியதாக நினைத்துப் போகும் கதவு பூட்டப்படாமலே இருக்கலாம். ஒருவரிடம் ஒன்று, மற்றது கடையில் பத்திரமாக, றிமோட் உள்ளவர் இல்லாமல் வாகனம் நகரக் கூடாது என்ற ஒழுங்குதான் எங்களுக்குச் சரிவந்தது.

மழையையும் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழியில் இந்தப் பக்கம் எப்படிப் பெய்யும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். றிமோட் அருகில் இருக்கும்போது கைப்பிடியில் தண்ணீர் பட்டால் கதவு தானாகப் பூட்டித் திறக்கக்கூடும் என்று டொயோட்டாவின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. பெருமழையில் வானுக்குப் பக்கத்தில் நின்று பெட்டி இறக்கும்போது ‘டக், டக்’ என்று பூட்டு அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் பூட்டிவிட்டது என்று நம்பியும் போக வேண்டாம். றிமோட்டுக்குள் தண்ணீர் போகாமல் சிறிய பொலித்தீன் பையில் வைத்திருப்பது நல்லது, பை அலையைத் தடுக்காது. கைத்தொலைபேசியோடு ஒட்டி வைத்தால் மட்டும் சில வேளை வாகனம் றிமோட்டைக் கண்டுகொள்ளாது.

பட்டனால் எஞ்சின் பக்கம் என்ன மாறுகிறது என்றும் கேட்கிறார்கள். திறப்புத் துவாரம் தேய்வது இல்லாமல் போகும், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் பற்றரிக்கும் வேலை அதேதான். பிரேக்கை, கியர் வாகனமென்றால் கிளச்சை, மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் எஞ்சின் ஓடாது, மின்சாரம் மட்டும் வரும். அப்படியே ரேடியோவையும் விசிறியையும் போட்டுவிட்டுச் சாமான் இறக்கினால் பற்றரி இறங்கிவிடும்.

றிமோட்டுக்குள் இருக்கும், பெரும்பாலும் 2032 வகையான, சின்னப் பற்றரி தீர்ந்துவிட்டால் வாகனம் கைவிட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள் பலர். அநேக வாகனங்களில் றிமோட்டைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யலாம், கதவுக்கு றிமோட்டின் உள்ளேயே ஒரு சின்ன உலோகத் திறப்பு செருகப்பட்டிருக்கும். வாகனம் கைக்கு வந்த அன்றே இவை இரண்டையும் சாரதிக்குச் செய்து காட்டுங்கள்.

களவு பற்றிய பயம் வெளிநாட்டுச் செய்திகளில் அதிகம். றிமோட்டின் அலையை இரு கருவிகளால் நீட்டி வாகனத்தைத் திறக்க முடியும் என்று சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011 இல் பத்து கார் வகைகளில் செய்து காட்டினார்கள். இரவில் றிமோட்டை வீட்டு வாசலோரம் தொங்கவிடாமல் மூடியுள்ள தகர டப்பாவுக்குள் வைத்தால் போதும். என்னுடைய கவலை அதைவிடச் சாதாரணமானது: றிமோட் தொலைவது. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் இங்கு கைமாறுபவற்றில் பல பழையவை, அவற்றில் சில ஒரே ஒரு றிமோட்டோடு வருகின்றன. சாதாரண திறப்பை நகரத்தில் உடனே வெட்டிக்கொள்ளலாம். றிமோட் என்றால் அதை அந்த வாகனத்தின் கணினியில் பதிந்துதான் தர வேண்டும், இருந்த ஒன்றும் தொலைந்தால் வாகனத்தையே கட்டியிழுத்துக்கொண்டு போக நேரிடும். வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் கொக்கட்டிச்சோலையில் வைத்து அது நடந்தால் அன்றைய நாள் போய்விட்டது.

ஆகவே இரண்டு றிமோட் இல்லாத வாகனத்தை விலை பேசவே வேண்டாம். பார்க்கப் போகும்போது ஓட்டப் போகிற சாரதியைக் கூட்டிக்கொண்டு போங்கள். றிமோட்டை அவர் பைக்குள் போட்டு, இரண்டு கைகளிலும் பெட்டியைக் கொடுத்து, பின்கதவைத் திறந்து சாமானை எடுத்துப் பூட்டிவிட்டு நடந்து போகச் சொல்லுங்கள். பெட்டியைக் கீழே வைக்காமல் அவரால் அதைச் செய்ய முடிந்தால் அந்த வானுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், முடியாவிட்டால் திறப்பு உள்ளதையே வாங்கி, மிஞ்சும் பணத்தில் பின்கதவுக்கு நல்ல பூட்டொன்று போடுங்கள்.