டேகோல்தே என்றால் என்ன?

ஃபேஷன் இதழ்களில் வரும் 'டேகோல்தே' என்பது கழுத்தின் ஒரு டிசைன் பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வி நெக், போட் நெக் மாதிரி ஒரு குறிப்பிட்ட வெட்டின் பெயர் அல்ல அது. கழுத்தும் தோளும் மார்பின் மேற்பகுதியும் தெரியும்படி இறக்கித் தைத்த எந்த உடைக்கும் பொருந்தும். அப்படித் தெரியும் உடல்பகுதிக்கும் அதே பெயர்தான். அழகு கிரீம் விளம்பரங்களில் வருவது இந்த இரண்டாவது பொருள்.

பழைய பிரெஞ்சில் 'கோல்' கழுத்து, 'கோலே' காலர். முன்னால் 'டே' சேர்ந்தால் நீக்குவது. ஆக, காலரை எடுத்துவிட்டது. அவ்வளவுதான், கவர்ச்சி எல்லாம் பிறகு ஏறியது.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சீமாட்டிகள் பகலில் கழுத்துவரை மூடிக்கொண்டு, இரவு விருந்துக்கு இறங்கிய கழுத்துடன் போவார்கள். அது மரியாதைக் குறைவல்ல, முறை. ஆனாலும் எல்லை இருந்தது. 1884 பாரிஸ் சலோன் கண்காட்சியில் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 'மேடம் எக்ஸ்' ஓவியத்தை வைத்தபோது, கறுப்பு கவுனின் ஒரு பட்டை தோளிலிருந்து நழுவியிருந்ததற்கே பெரிய ரகளை. பின்னர் அதைத் தோளின் மேல் ஏற்றி வரைந்துவிட்டார்.

அப்புறம், இதே சொல்லின் இன்னொரு வடிவமான 'டேகோல்தாஜ்' என்று பிரெஞ்சில் தேடினால் லேத் பட்டறைகள் வந்து நிற்கும், பயப்பட வேண்டாம். உலோகக் கம்பியிலிருந்து திருகாணி போன்ற சிறு பாகங்களைக் கடைந்தெடுக்கும் தொழிலுக்கும் அதே பெயர். ஆல்ப்ஸ் மலையின் ஆர்வ் பள்ளத்தாக்கு அதற்குப் பேர்போனது.